அமில மழை பெய்தால் ராமநாதபுரத்து மண்ணுக்குள் என்ன நடக்கும்?

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி வரும்: இந்தப் புகையெல்லாம் மழையில் கலந்து நம்ம பக்கம் இறங்கினால் மண்ணும் மரமும் என்ன ஆகும்? கடற்கரையில் நாலு பனை பட்டுப்போனாலோ சவுக்கு மஞ்சளித்தாலோ 'அமில மழையாக இருக்கும்' என்று சொல்லிவிடுவதும் சுலபம். பள்ளிக்கூடத்தில் பார்த்த படம் மனதில் அப்படியே நிற்கிறது, ஐரோப்பாவில் எங்கோ மொட்டையாக நிற்கும் ஊசியிலைக் காடு. அந்தக் காட்டில் நடந்ததில் பாதி மண்ணுக்குள், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் நடந்தது. அதை அப்படியே தூக்கிவந்து மண்டபத்திலோ வாலிநோக்கத்திலோ வைத்தால் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்று புரிந்துகொண்டால், நாம் எங்கே கவலைப்பட வேண்டும் என்பதும் தானாகவே தெளிவாகிவிடும்.

முதலில் அடிப்படை. சுத்தமான மழைநீரே நடுநிலையானது இல்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அதன் பிஎச் (அமிலத்தை அளக்கும் எண்; 7 என்றால் நடுநிலை, இறங்க இறங்க அமிலம் கூடும்) 5.6 வாக்கில் இருக்கும். நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வரும் சல்ஃபர் டை ஆக்சைடும், எஞ்சினிலும் கொதிகலனிலும் உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மேகத்துக்குள் கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறும்போது அது 5-க்குக் கீழே, மோசமான இடங்களில் 4-க்கும் கீழே போய்விடுகிறது. பிஎச் ஒன்று இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பதால் 5.6-இலிருந்து 4-க்கு இறங்குவது சின்ன விஷயம் இல்லை, கிட்டத்தட்ட 40 மடங்கு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து மழையை ஆராய்ந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1872-இலேயே அமில மழை என்று எழுதிவிட்டார். ஆனாலும் உலகம் அதைக் கவனிக்க இன்னும் நூறு வருஷம் பிடித்தது. 1963-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பார்ட் புரூக் காட்டில் ஜீன் லைக்கன்ஸ் குழுவினர் பிடித்த முதல் மழைநீரின் பிஎச் 3.7. பக்கத்தில் பெரிய ஆலை எதுவும் இல்லாத காடு அது. அதனால்தான் அந்த எண் அவர்களைத் திடுக்கிட வைத்தது.

சரி, அமிலம் மண்ணில் விழுந்ததும் நுண்ணுயிருக்கு என்ன ஆகிறது? அமிலம் பட்டதும் எல்லாம் பொசுங்கிச் சாவதாகக் கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலான பாக்டீரியாக்கள் தங்கள் செல்லுக்குள் பிஎச்சை 7-ஐ ஒட்டியே வைத்துக்கொள்ளப் பார்க்கும். வெளியே அமிலம் கூடக் கூட, உள்ளே கசிந்துவரும் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கே ஆற்றல் தீர்ந்துவிடும், வளர்வதற்கும் பெருகுவதற்கும் மிச்சம் கம்மி. பூஞ்சைகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டி. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில், 19-ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்பு ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனையில் இல்லாமலும் விழுந்த ஒரு நீளமான வயல் இருக்கிறது. சுமார் 180 மீட்டருக்குள் மண்ணின் பிஎச் 8.3-இலிருந்து 4 வரை இறங்குகிறது. அதே வானிலை, அதே மண், பிஎச் மட்டும் வேறு. அங்கே அளந்து பார்த்ததில், 8.3-இலிருந்து 4.5-க்கு வரும்போது பாக்டீரியாவின் வளர்ச்சி ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது, பூஞ்சையின் வளர்ச்சி ஐந்து மடங்கு கூடியது. 4.5-க்கும் கீழே போனால் இரண்டுமே படுத்துவிட்டன. அந்த வயலின் ஒரு முனை பிஎச் அளவில் நம்ம கடற்கரை மண் மாதிரி, மறுமுனை அமில மழை வாங்கிய ஐரோப்பியக் காட்டு மண் மாதிரி. இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டு முனைகளுக்கும் இடையில்தான் ஓடுகிறது.

காட்டு மண்ணில் அமிலத்தைவிடக் கொடியவன் ஒருவன் உண்டு, அலுமினியம். களிமண் துகள்களுக்குள் சும்மா கிடக்கும் அலுமினியம், பிஎச் 5-க்குக் கீழே போனதும் கரைந்து மண்நீருக்குள் வருகிறது. மெல்லிய வேர் நுனிகளையும் வேரோடு கூட்டு வைத்திருக்கும் பூஞ்சைகளையும் அது தாக்குகிறது. ஜெர்மனியின் சோலிங் மலைப்பகுதியில் பெர்ன்ஹார்ட் உல்ரிச் 1970-களின் கடைசியிலேயே இதைச் சொன்னார். கூடவே மண் பிடித்து வைத்திருந்த கால்சியமும் மெக்னீசியமும் மழையோடு கழுவிக்கொண்டு போய்விடும், மரத்துக்கும் நுண்ணுயிருக்கும் ஒரே நேரத்தில் பட்டினி.

அப்புறம் நைட்ரஜன். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கு அமிலம் ஆகவே ஆகாது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அமிலக் காட்டு மண்ணிலும் நைட்ரேட் உருவாகிக்கொண்டுதான் இருந்தது. யார் செய்கிறார்கள் என்ற புதிருக்கு 2011-இல் ஸ்காட்லாந்து மண்ணிலிருந்து ஒரு பதில் கிடைத்தது: பாக்டீரியாவே அல்லாத, ஆர்க்கியா என்ற வேறு குலத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிர், நைட்ரோசோடேலியா என்று பெயர், அமிலத்தில் மட்டுமே வளரும். ஆக, அமிலம் ஏறினால் வேலை நின்றுபோவதைவிட ஆள் மாறுவதுதான் அதிகம். எல்லா வேலைக்கும் மாற்று ஆள் கிடைப்பதில்லை. இலைக்குப்பையை மக்கவைக்கும் வேலை நிஜமாகவே மந்தமாகிறது. நைட்ரஜன் அமிலமாக விழும்போது அது உரமும் கூட என்பதால், மரத்தின் கடினமான லிக்னினைச் சிதைக்கும் பூஞ்சைகள் அந்த நொதிகளைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. விளைவு, தரையில் மக்காத சருகு அடுக்கு தடித்துக்கொண்டே போகிறது. ஹப்பார்ட் புரூக்கில் 1999-இல் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் சிலிகேட் உருண்டைகளை ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் தூவினார்கள். சில வருஷங்களில் மேப்பிள் மரங்கள் தேறின, சேர்ந்து கிடந்த சருகு அடுக்கும் மெலிந்தது. மழை நல்லதாக மாறிய பிறகும் மண் தானாக எழுந்து நிற்காது, கால்சியத்தைக் கையால் கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இப்போது நம்ம ஊர். ராமேசுவரம் தீவும் மண்டபமும் பவளமும் சிப்பியும் நொறுங்கிச் சேர்ந்த நிலம். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைப் பார்த்தாலே தெரியும், பவளக்கல்லை வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். கடற்கரையை ஒட்டிய மணலில் சிப்பித் தூள் கலந்து கிடக்கிறது, அதெல்லாம் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. ஒரு கைப்பிடி மண்ணில் வினிகரை ஊற்றி, நுரைத்துப் பொங்குகிறதா என்று பாருங்கள். பொங்கினால் அந்த மண் அமிலத்தைத் தின்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு தின்னும்? கணக்குப் போடலாம். இங்கே வருஷ மழை 800 மி.மீ.க்குச் சற்று மேல். அத்தனையும் பிஎச் 4 என்ற கொடூரமான அமில மழையாகவே பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம் (அப்படிப் பெய்யவில்லை, ஒரு பேச்சுக்கு). ஒரு ஏக்கரில் விழும் அந்த அமிலத்தை முறிக்க வருஷத்துக்கு சுமார் 16 கிலோ சுண்ணாம்பு போதும். மேல் அரை அடி மண்ணின் எடை ஏக்கருக்கு 900 டன் வாக்கில் வரும், அதில் வெறும் நூற்றில் ஒரு பங்கு சுண்ணாம்பு இருந்தாலே 9 டன். வகுத்துப் பார்த்தால் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் தாங்கும். சிப்பி அதிகமுள்ள இடத்தில் சுண்ணாம்பு இதைவிடப் பல மடங்கு. சுண்ணாம்போடு சேர்ந்த கந்தக அமிலம் ஜிப்சமாக மாறிவிடுகிறது, அந்த ஜிப்சம்தான் உப்பளப் பாத்தியிலும் உப்புக்கு முன்னால் படிவது. ஆக, இந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும் கதைக்கு வாய்ப்பே இல்லை. பிஎச் 8-ஐ ஒட்டி நிற்கும் வரை அலுமினியம் எழுந்திருக்காது.

இன்னொரு வேடிக்கை. களர் நிலத்தைத் திருத்த ஜிப்சம் போடச் சொல்லி வேளாண்மைத் துறையே சொல்கிறது. சுண்ணாம்பும் கலந்த களர் மண்ணுக்குக் கந்தகத் தூளும் போடலாம், கந்தகம் போட்டால் மண்ணிலுள்ள கந்தக பாக்டீரியாக்களே அதைக் கந்தக அமிலமாக மாற்றிக் கொடுக்கும். சுண்ணாம்பு மண்ணில் பாஸ்பரஸும் இரும்பும் துத்தநாகமும் பூட்டிக் கிடப்பதால் கொஞ்சம் அமிலம் அந்தப் பூட்டைத் திறக்கவும் செய்யும். அதற்காக அமில மழை நல்லது என்று யாரும் கிளம்ப வேண்டாம். சல்ஃபர் டை ஆக்சைடு வாயு இலைக்கும் நுரையீரலுக்கும் செய்வது வேறு கணக்கு, மண் மட்டும் தாக்குப்பிடிக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

காற்றின் திசையையும் பார்க்க வேண்டும், இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நமக்கு மழை கொட்டுவது ஐப்பசி, கார்த்திகை. அப்போது அடிப்பது வாடை, வங்கக் கடலிலிருந்து உப்போடு வருகிற காற்று. தூத்துக்குடி நமக்குத் தென்மேற்கே இருக்கிறது, எனவே மழைக்காலத்தில் அந்தப் புகை நம்மை விட்டு விலகித் தென்மேற்குப் பக்கம் போகிறது. தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் ஆனி, ஆடியில்தான் அது நம்ம பக்கம் திரும்பும். அந்த மாதங்களில் இங்கே மழை எங்கே பெய்கிறது? ஆகவே நமக்கு வருவது பெரும்பாலும் மழை வடிவில் இல்லாமல், வாயுவாகவும் தூசாகவும் இலையிலும் மண்ணிலும் உலர்வாகப் படிவது. வழுதூரில் ஓடும் மின்நிலையம் எரிவாயுவில் ஓடுவது, அதில் கந்தகம் பேருக்குத்தான். உப்பூரில் வருவதாக இருந்த 1600 மெகாவாட் நிலக்கரி நிலையம் வரவில்லை. கடற்கரை மழைநீரில் சல்ஃபேட் இருக்கிறது என்று ஒரு எண்ணை யாராவது நீட்டினாலும் உடனே பதற வேண்டியதில்லை, கடல் திவலையே சல்ஃபேட்டைச் சுமந்துகொண்டு வரும். சோடியத்தோடு ஒப்பிட்டுக் கடலின் பங்கைக் கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இந்த மண்ணில் நுண்ணுயிரின் வாழ்வை நிர்ணயிப்பவை வேறு இரண்டு: வறட்சியும் உப்பும். ஏழெட்டு மாதம் காய்ந்து கிடக்கும் மணலில் பாக்டீரியாக்கள் செத்துவிடுவதில்லை, செல்லுக்குள் சர்க்கரை வகைகளையும் சில நைட்ரஜன் சேர்மங்களையும் நிரப்பிக்கொண்டு நீர் வெளியேறாமல் தாக்குப்பிடித்துக் கிடக்கின்றன. திடீரென்று முதல் மழை விழுந்ததும் வெளியே நல்ல தண்ணீர், உள்ளே அடர்ந்த கரைசல், தண்ணீர் உள்ளே பாய்கிறது. சேர்த்து வைத்ததை உடனே வெளியே கொட்டாவிட்டால் செல் வெடித்துவிடும். நிறைய வெடிக்கவும் செய்கின்றன. வெடித்தவை மிஞ்சியவற்றுக்குச் சாப்பாடு. அதனால்தான் காய்ந்த மண் நனைந்த சில மணி நேரத்திலேயே கார்பன் டை ஆக்சைடு குப்பென்று கிளம்புகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் 1950-களில் இதை ஆராய்ந்த பர்ச் என்பவரின் பெயரில் இதைப் பர்ச் விளைவு என்கிறார்கள். நம்ம ஊரில் முதல் மழைக்கு எழும் மண்வாசனை கூட ஸ்ட்ரெப்டோமைசஸ் போன்ற நுண்ணுயிர்கள் செய்யும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான். அந்தக் கூட்டத்துக்கு நடுநிலையோ காரமோ உள்ள மண்தான் பிடிக்கும். அமிலக் காட்டு மண்ணில் அவை பின்வாங்கிவிடும்.

உலர்ந்து படிந்த அமிலம் இங்கே ஏதாவது செய்யும் என்றால் அந்த முதல் மழை நாளில்தான் செய்யும். மாதக்கணக்கில் இலையிலும் பட்டையிலும் படிந்ததையும் காற்றில் தொங்குவதையும் முதல் மழை மொத்தமாகக் கழுவி இறக்குகிறது, நுண்ணுயிர்கள் ஏற்கெனவே வெடித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில். ஆனால் அதே மழை காற்றிலிருக்கும் மண் தூசையும் கழுவி இறக்குகிறது, அந்தத் தூசியிலும் சுண்ணாம்பு இருக்கிறது. இந்தியாவின் பெரும்பகுதியில் மழை ஐரோப்பா அளவுக்குப் புளிக்காமல் இருந்ததற்கே தூசிதான் காரணம். வானிலைத் துறை கொடைக்கானல், மினிக்காய், விசாகப்பட்டினம் உள்ளிட்ட பத்து இடங்களில் பல பத்தாண்டுகளாக மழைநீரைப் பிடித்து அளந்துவருகிறது. தொடக்கத்தில் காரமாக இருந்த சில இடங்களின் மழை மெதுவாக அமிலப் பக்கம் நகர்ந்து வந்திருப்பதையும் அந்த அளவீடு காட்டுகிறது. அதனால் தூசியை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது.

மரங்களின் கணக்கைப் பார்ப்போம். கடலோரம் வனத்துறை நட்ட சவுக்கின் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. குடை விரித்தாற்போல நிற்கும் உடைமரத்துக்கும், ஜில்லா முழுவதும் பரவி கரிமூட்டம் போடுகிறவர்களுக்குப் பிழைப்பாகவும் விவசாயிக்குத் தலைவலியாகவும் நிற்கும் சீமைக்கருவேலத்துக்கும் அதே வேலையைச் செய்யும் ரைசோபியம் என்ற பாக்டீரியா கூட்டாளி. மணல் மேட்டில் ராவணன் மீசையும் அடப்பங்கொடியும் நிற்பதற்கு வேரோடு கூட்டு வைத்த பூஞ்சை இழைகள் பெரிய துணை. மணல் துகள்களைக் கட்டிவைப்பதும் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸைத் தேடி எடுப்பதும் அவைதான். அமிலமும் அலுமினியமும் சேர்ந்தால் ரைசோபியம் முடிச்சு போடுவதே குறைந்துவிடும் என்பது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். ஆனால் அது பிஎச் 5 வாக்கில் நடக்கிற கதை. இங்கே பிஎச் 8-இல் சவுக்கு மஞ்சளித்தால் முதலில் பார்க்க வேண்டியது உப்பு, அப்புறம் இரும்புப் பற்றாக்குறை, அப்புறம் நிலத்தடி நீர். மழையைக் கடைசியில் பார்த்தால் போதும்.

அமிலம் இந்தக் கடற்கரைக்கு வருவதே இல்லையா என்றால், வரும், கீழேயிருந்து. காரங்காட்டு அலையாத்திக் காட்டுச் சேற்றில் காலை வைத்தால் அழுகின முட்டை நாற்றம் வரும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்று புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரின் சல்ஃபேட்டைச் சுவாசித்து அதை வெளியிடுகின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் இரண்டரை கிராமுக்கு மேல் சல்ஃபேட் இருக்கிறது. அமில மழை கொண்டுவரும் சல்ஃபேட் அங்கே கடலில் கரைத்த பெருங்காயம். (குளிர்நாட்டு நன்னீர்ச் சதுப்பில் கதை வேறு, அங்கே மழையில் வரும் சல்ஃபேட்டே இந்த பாக்டீரியாக்களுக்குக் கை கொடுத்து, மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்களை ஓரங்கட்டிவிடுகிறது.) அந்த சல்ஃபைடு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமாக உறைந்து கிடக்கிறது. தண்ணீர் மூடியிருக்கும் வரை தொந்தரவில்லை. சேற்றை வெட்டிக் கரை போட்டுக் காயவிட்டால் காற்று புகுந்து, இரும்பையும் கந்தகத்தையும் தின்று வாழும் வேறு பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும், விளைவு நிஜமான கந்தக அமிலம். பிஎச் 4-க்கும் கீழே போகும், மழையால் எட்ட முடியாத வேகத்தில். கேரளத்துக் குட்டநாட்டின் கரி நிலங்கள் இப்படிப் புளித்தவைதான். இறால் குளம் வெட்டியதும் சுண்ணாம்பு கொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். சேற்றில் சிப்பி நிறைய இருந்தால் அதுவே முறித்துவிடும், களி மட்டும் என்றால் முறிக்காது. ஆகவே அலையாத்தி ஓரத்தில் மண்ணை வெட்டுகிறவர்கள் வானத்தைவிடக் காலடியைப் பார்ப்பது நல்லது.

மழையைப் பற்றியே கவலைப்பட வேண்டிய இடங்கள் இரண்டு, இரண்டும் நமக்கு வெளியே. ஒன்று, தெற்கே தூத்துக்குடி ஜில்லாவின் சிவப்புத் தேரி, அதாவது செம்மணல் மேடுகள். குதிரைமொழித் தேரியில் களியும் குறைவு, சுண்ணாம்பும் குறைவு, அமிலத்தை முறிக்க எதுவும் இல்லாத மணல்; அதை ஒட்டித்தான் உடன்குடியில் 1320 மெகாவாட் அனல்மின் நிலையம் எழுந்திருக்கிறது. நான் போட்ட ஐந்நூறு வருஷக் கணக்கு அங்கே செல்லாது. இன்னொன்று, வைகை பிறக்கும் வருசநாட்டு, மேகமலைக் காடுகள், 2021-இல் புலிகள் காப்பகமான பகுதி. அங்கே மழை அதிகம், மண் ஏற்கெனவே புளித்தது, கால்சியத்தை மழை கழுவிக்கொண்டு போய்விட்டது. ஐரோப்பாவின் கதை தமிழ்நாட்டில் எங்காவது பொருந்துமென்றால் இந்த மாதிரி மலைக்காட்டில்தான் பொருந்தும், ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேரும் ஆற்றின் தலைமாட்டில்.

வெளியேறும் கந்தகத்தைப் பொறுத்தவரை நிலவரம் சுகமாக இல்லை. செயற்கைக்கோள் அளவீடுகளின்படி 2016 வாக்கிலேயே இந்தியா சல்ஃபர் டை ஆக்சைடு வெளியீட்டில் சீனாவை முந்திவிட்டது. கந்தகம் நீக்கும் கருவியை அனல்மின் நிலையங்கள் பொருத்தியாக வேண்டிய அளவுக்குக் கடுமையான விதி 2015 டிசம்பரில் வந்தது, கெடு நீண்டுகொண்டே போனது, 2025 ஜூலையில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். நம்ம நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. குறைவுதான், ஆனால் எரிக்கிற அளவு குறைவில்லையே.

உங்கள் தோப்பு இதில் எந்தப் பக்கம் என்று தெரிய பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 2015 முதல் கொடுக்கும் மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன, நுண்ணுயிருக்கு ஒரு வரி கூடக் கிடையாது. பரவாயில்லை. பிஎச், உப்பின் கடத்துதிறன், அங்ககக் கார்பன் என்ற மூன்றை மட்டும் பாருங்கள். பிஎச் 7.5-க்கு மேல் இருந்து வினிகருக்கு மண் நுரைத்தால் அமில மழையை விட்டுவிட்டு உப்பைக் கவனியுங்கள். தேரி ஓரத்தில் நிலம் வைத்திருந்து, நுரையே வராமல் பிஎச் 6-க்குக் கீழே காட்டினால், மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் மண் எடுத்து, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று எழுதிவைத்துக்கொண்டு வாருங்கள்.